தொடக்கம் அறியும் புரதம்

ஈ. கோலை என்னும் குடல்வாழ் பாக்டீரியாவின் டி.என்.ஏ. சுமார் 46 லட்சத்து 40 ஆயிரம் கார இணைகள் கொண்ட ஒரே வளையம். அடினின், தைமின், குவானின், சைட்டோசின் என்னும் நான்கு காரங்களை ஏ, டி, ஜி, சி என்று எழுத்துகளாகக் குறிப்பது வழக்கம். இந்த நான்கு எழுத்துகளைக் கொண்டே, இடைவெளியோ முற்றுப்புள்ளியோ இல்லாமல், ஏறத்தாழ 4,300 புரதங்களுக்கான மரபணுக்கள் அதில் எழுதப்பட்டுள்ளன. ஒரு மரபணு செயற்பட வேண்டுமானால் அதன் செய்தி முதலில் ஆர்.என்.ஏ.யாகப் படியெடுக்கப்பட வேண்டும் என்பது நாம் அறிந்ததே. படியெடுக்கும் நொதி ஆர்.என்.ஏ. பாலிமரேஸ். இந்த நொதி எங்கே தொடங்க வேண்டும் என்பதை எவ்வாறு அறிகிறது?

பாடநூலில் இதற்கு இரண்டு வரியில் விடை உண்டு. மரபணுவுக்கு முன்னால் புரோமோட்டர் என்னும் தொடக்கப் பகுதி இருக்கிறது. சிக்மா காரணி என்னும் புரதம் அதனை இனங்கண்டு நொதியை அங்கே அமர்த்துகிறது. இதை எழுதினால் தேர்வில் மதிப்பெண் கிடைத்துவிடும். விடையில் தவறும் இல்லை. ஆயினும் ‘இனங்கண்டு’ என்ற அந்த ஒரு சொல்லுக்குள் என்ன நடக்கிறது? புரதத்திற்குக் கண் கிடையாது. டி.என்.ஏ.யின் எழுத்துகளோ இரட்டைச் சுருளின் உட்புறத்தில் ஒன்றோடொன்று இணைந்து மறைந்து கிடக்கின்றன. இவ்வினாவுக்கு நிறைவான விடை கிடைக்க நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

சிக்மா கண்டுபிடிக்கப்பட்ட விதமே சுவையானது. 1960களின் பிற்பகுதியில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்த ரிச்சர்டு பர்ஜெஸ் என்பவர் ஈ. கோலையின் ஆர்.என்.ஏ. பாலிமரேசைத் தூய்மைப்படுத்திக் கொண்டிருந்தார். பாஸ்போசெல்லுலோஸ் நிரப்பிய குழாய் வழியே நொதிக் கரைசலைச் செலுத்தியபோது மிகவும் தூய நொதி கிடைத்தது. ஆனால் அந்தத் தூய நொதி ஒரு விந்தையைக் காட்டிற்று. கன்றுக்குட்டியின் தைமஸ் சுரப்பியிலிருந்து எடுத்த டி.என்.ஏ.யைக் கொடுத்தால் அது நன்றாக ஆர்.என்.ஏ. செய்தது, பாக்டீரியாவைத் தாக்கும் டி4 என்ற ஃபேஜின் டி.என்.ஏ.யைக் கொடுத்தால் ஏறக்குறைய ஒன்றும் செய்யவில்லை. தூய்மை கூடக்கூட வேலைத்திறன் குறைவது ஏன்? குழாயிலிருந்து தனியே வெளிவந்த வேறொரு புரதப் பகுதியை மீண்டும் சேர்த்ததும் டி4 டி.என்.ஏ.யிலும் வேலை நடந்தது. அந்தப் புரதமே சிக்மா. பர்ஜெசும் டிராவர்சும், ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டன், பவுட்ஸ் ஆகியோரும் 1969இல் இதனை ஒருங்கே வெளியிட்டனர்.

இரண்டு டி.என்.ஏ.க்களும் வேறுபட்டு நடந்துகொண்டதற்குக் காரணம் எளிது. கன்றின் டி.என்.ஏ. பிரித்தெடுக்கும்போதே பல இடங்களில் வெட்டுப்பட்டு முனைகள் பிரிந்திருந்தது. அந்த முனைகளில் நொதி தன் விருப்பம்போல் தொடங்கிவிடும். டி4 டி.என்.ஏ. சிதையாமல் முழுமையாக இருந்ததால் அதில் சரியான இடத்தை அறிந்தாலன்றித் தொடங்க இயலாது. ஆக, இரண்டு ஆல்பா, ஒரு பீட்டா, ஒரு பீட்டா பிரைம், ஒரு ஒமேகா ஆகிய துணை அலகுகள் சேர்ந்த மைய நொதிக்கு ஆர்.என்.ஏ. கோக்கத் தெரியும், எங்கே தொடங்குவது என்று தெரியாது. சிக்மாவுக்கு இடம் தெரியும், கோக்கத் தெரியாது. இரண்டும் கூடியதே முழு நொதி.

இனி அடையாளத்தின் பக்கம் வருவோம். பாலிமரேஸ் டி.என்.ஏ.யின் மீது அமர்ந்திருக்கும்போது டி.என்.ஏ.யைச் சிதைக்கும் நொதி ஒன்றைச் சேர்த்தால், பாலிமரேஸ் மூடியிருக்கும் சிறு துண்டு மட்டும் தப்பும். இவ்வாறு தப்பிய துண்டுகளின் எழுத்து வரிசைகளை ஒப்பிட்ட டேவிட் பிரிப்னோ, ஆர்.என்.ஏ. தொடங்கும் புள்ளிக்குச் சுமார் பத்து எழுத்து முன்னால் டி-ஏ-டி-ஏ-ஏ-டி என்ற வரிசையை ஒத்த ஒன்று திரும்பத் திரும்ப வருவதை 1975இல் காட்டினார். ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. தப்பிய துண்டைப் பிரித்தெடுத்துப் புதிதாக நொதியுடன் சேர்த்தால் அது நொதியுடன் பிணையவில்லை. அமர்ந்த நொதி மூடிக்கொண்டிருந்த பகுதிக்கு அப்பாலும் ஏதோ ஓர் அடையாளம் இருந்து அறுபட்டுப் போயிருக்க வேண்டும். அதுதான் சுமார் முப்பத்தைந்து எழுத்து முன்னால் இருக்கும் டி-டி-ஜி-ஏ-சி-ஏ என்ற இரண்டாம் வரிசை. இவ்விரண்டையும் முறையே மைனஸ் பத்து, மைனஸ் முப்பத்தைந்து என்று வழங்குகிறோம். இடையே பதினேழு எழுத்துகள் இருப்பது மிகவும் ஏற்றது. ஒன்று கூடினாலும் குறைந்தாலும் பெரிதும் தாங்கும்.

இந்த இரண்டு வரிசைகளையும் மனப்பாடம் செய்யும்போது, ஒவ்வொரு மரபணுவுக்கு முன்னும் இப்பன்னிரண்டு எழுத்துகளும் அச்சடித்தாற்போல் இருக்கும் என்ற எண்ணம் நம் மனத்தில் படிந்துவிடுகிறது. உண்மை வேறு. ஹாலியும் மெக்ளூரும் 1983இல் ஈ. கோலையின் 168 புரோமோட்டர்களைத் தொகுத்துப் பார்த்தார்கள். பன்னிரண்டில் சராசரியாக எட்டு எழுத்துகளே பொருந்தின. பன்னிரண்டும் பதினேழு எழுத்து இடைவெளியுடன் அப்படியே அமைந்த இயற்கைப் புரோமோட்டரைக் காண்பது மிக அரிது. நாம் மனப்பாடம் செய்வது பலவற்றின் சராசரி முகம். எந்த ஒருவருடைய முகமும் அன்று.

இங்கே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். காகிதமும் பென்சிலும் போதும். இரண்டு இழைகளையும் சேர்த்தால் ஈ. கோலையில் வரிசை தொடங்கத்தக்க இடங்கள் சுமார் 92 லட்சத்து 80 ஆயிரம். நான்கு எழுத்துகளும் சம அளவில், தற்செயலாகக் கலந்துள்ளன என்று கொள்வோம், ஈ. கோலையைப் பொறுத்தவரை இது பெருந்தவறாகாது. குறிப்பிட்ட ஆறெழுத்து வரிசை ஒன்று 4,096 இடங்களுக்கு ஒருமுறை வரும். அதாவது டி-ஏ-டி-ஏ-ஏ-டி மட்டும் போதுமென்றால், காரணமே இல்லாமல் 2,200க்கு மேற்பட்ட இடங்களில் அது தோன்றும். பன்னிரண்டும் பிசகாமல் வேண்டும் என்றாலோ 1 கோடியே 67 லட்சத்துச் சொச்சம் இடங்களுக்கு ஒருமுறை; முழு வளையத்திலும் ஒருமுறைகூட வருமென்று சொல்ல முடியாது. சரி, நடைமுறைப்படி பன்னிரண்டில் எட்டோ அதற்கு மேலோ பொருந்தினால் போதும் என்று வைத்துக்கொள்வோம். அப்போது ஏறத்தாழ 360 இடங்களுக்கு ஒன்று தேறும். வளையம் முழுவதும் சுமார் 25,000 போலித் தொடக்கங்கள்! மரபணுக்களின் எண்ணிக்கையோ 4,300 அளவே.

ஆகவே சிக்மா வெறுமனே எழுத்துகளை எண்ணிப் பார்ப்பதில்லை என்பது தெளிவு. எல்லா எழுத்துகளுக்கும் ஒரே மதிப்பு இருக்க முடியாது. இதற்கான சான்று பழைய தொகுப்புகளிலேயே இருந்தது. மைனஸ் பத்து வரிசையின் ஆறு இடங்களிலும் அந்தந்த எழுத்து எத்தனை விழுக்காடு காணப்படுகிறது என்று நம் பெரிய பாடநூல்கள் ஓர் அட்டவணை தருவதுண்டு. முதல் டி சுமார் 80. இரண்டாவதான ஏ 95. பிறகு வரும் மூன்று எழுத்துகள் 45, 60, 50. கடைசி டி 96. நடுவில் உள்ள மூன்றும் ஏன் இவ்வளவு தளர்ச்சி, இரண்டாவதும் ஆறாவதும் ஏன் இவ்வளவு உறுதி? தேர்வில் கேட்கமாட்டார்கள் என்று நாம் தாண்டிச் செல்லும் அந்த அட்டவணைதான் இக்கதையின் திறவுகோல்.

விடைக்குப் போகுமுன் சிக்மாதான் எழுத்துகளை நேரே தொடுகிறது என்பது எப்படி மெய்ப்பிக்கப்பட்டது என்று பார்க்க வேண்டும். ஈ. கோலையின் முதன்மைச் சிக்மாவான சிக்மா-70 என்பது 613 அமினோ அமிலங்கள் கொண்டது. பல பாக்டீரியாக்களின் சிக்மாக்களை ஒப்பிட்டு அதனை நான்கு பகுதிகளாகவும் உட்பகுதிகளாகவும் பிரித்திருந்தார்கள். இரண்டாம் பகுதி மைனஸ் பத்தையும், நான்காம் பகுதி மைனஸ் முப்பத்தைந்தையும் தொடுகின்றன என்ற ஊகம் இருந்தது. இதைச் சோதிக்க மரபியலார் கையாண்ட உபாயம் அழகானது. புரோமோட்டரில் ஓர் எழுத்தை மாற்றினால் மரபணு ஓய்ந்துவிடும். பிறகு சிக்மாவின் மரபணுவில் திடீர் மாற்றங்களை உண்டாக்கி, கெட்டுப்போன அந்தப் புரோமோட்டரை மீண்டும் இயக்கவல்ல சிக்மா கிடைக்கிறதா என்று தேடினார்கள். கிடைத்தது. மைனஸ் பத்து வரிசையின் முதல் டி சி-யாக மாறிய புரோமோட்டரை, 437ஆம் இடத்துக் குளூட்டமின் ஹிஸ்டிடினாக மாறிய சிக்மா ஏற்றுக்கொண்டது. அதேபோல் 588ஆம் இடத்து ஆர்ஜினின் மாறிய சிக்மா, மைனஸ் முப்பத்தைந்தில் ஏற்பட்ட பிழையைப் பொறுத்துக்கொண்டது. 1989, 1990 ஆண்டுகளில் வெளிவந்த இம்முடிவுகள் ஊகத்தை உறுதி செய்தன. பூட்டு மாறியபோது, அதற்கேற்ப மாறிய சாவி எது என்று தேடிக் கண்டதால், சாவியின் எந்தப் பல் பூட்டின் எந்தப் பகுதியைத் தொடுகிறது என்பதும் தெரிந்துவிட்டது.

ஆனால் பூட்டு, சாவி என்ற உவமை இதற்கு மேல் உதவாது. ஏனெனில் தனியே இருக்கும் சிக்மா-70 புரோமோட்டருடன் பிணைவதில்லை. அதன் முனையிலுள்ள முதற்பகுதி தடையாக இருக்கிறது, டி.என்.ஏ.யைத் தொடும் பகுதிகளும் நெருங்கி மடங்கிக் கிடக்கின்றன. மைய நொதியுடன் சேர்ந்த பின்னரே சிக்மா விரிந்து, இரண்டாம் பகுதிக்கும் நான்காம் பகுதிக்கும் இடையே சரியான தூரம் உண்டாகிறது. முழு நொதியின் படிக அமைப்பு 2002இல் வெளிவந்தபோது இது கண்கூடாயிற்று. பதினேழு எழுத்து இடைவெளியின் பொருளும் இதுதான். அந்த எழுத்துகள் எவையாயினும் பெரும்பாலும் கவலையில்லை. அவற்றின் நீளமே முக்கியம். இரண்டு கைகளுக்கு இடையே உள்ள தூரத்தை உடல் தீர்மானிப்பதுபோல, சிக்மாவின் இரு பகுதிகளுக்கு இடையே உள்ள தூரத்தை மைய நொதி தீர்மானிக்கிறது.

நான்காம் பகுதி மைனஸ் முப்பத்தைந்தைத் தொடும் முறை பல புரதங்களுக்குப் பொதுவானது. புரதத்தின் ஒரு சிறு சுருள் டி.என்.ஏ.யின் அகன்ற பள்ளத்தில் பதிந்து, கார இணைகளின் வெளிவிளிம்புகளைத் தடவிப் பார்க்கிறது. இரட்டைச் சுருள் பிரிவதில்லை. மூடிய புத்தகத்தின் முதுகில் உள்ள பெயரைப் படிப்பது போன்றது இது.

மைனஸ் பத்தில் நடப்பதோ முற்றிலும் வேறு. ஃபெக்லிஸ்டோவ், டார்ஸ்ட் ஆகியோர் 2011இல் வெளியிட்ட படிக அமைப்பு, சிக்மாவின் இரண்டாம் பகுதி மைனஸ் பத்து வரிசையை ஒற்றை இழை நிலையிலேயே பற்றியிருப்பதைக் காட்டிற்று. இரண்டாவது எழுத்தான ஏ, ஆறாவது எழுத்தான டி ஆகிய இரண்டும் தத்தம் இணையை விட்டு, அடுக்கிலிருந்து வெளியே புரண்டு, சிக்மாவில் உள்ள இரண்டு குழிகளில் சென்று அமர்ந்திருந்தன. ஒரு குழியில் அடினின் பொருந்தும். மற்றதில் தைமின் பொருந்தும். 95, 96 விழுக்காடு பெற்ற எழுத்துகள் இவையே அல்லவா! நடுவிலுள்ள மூன்று எழுத்துகளைப் புரதம் பெரும்பாலும் முதுகெலும்புப் பக்கமாகவே பிடித்திருந்தது. எனவேதான் அங்கே எழுத்து மாறினாலும் பொறுத்துக்கொள்ளப்படுகிறது. ஆயினும் அங்கே ஏ, டி ஆகியவை இருந்தால் இழைகள் பிரிவது எளிது, ஏனெனில் ஏ-டி இணைக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகளே உண்டு. ஜி-சி இணைக்கு மூன்று. முதல் டி மட்டும் இன்னும் இரட்டை நிலையிலேயே இருந்து, முன் சொன்ன 437ஆம் அமினோ அமிலம் இருக்கும் பக்கத்தால் அறியப்படுகிறது. 1983இன் விழுக்காடுகளுக்கு 28 ஆண்டுகள் கழித்துக் காரணம் கிடைத்தது.

இதில் அடங்கியிருக்கும் கருத்தைச் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். முதலில் சிக்மா இடத்தை அறிகிறது, பிறகு இழைகளைப் பிரிக்கிறது என்று இரண்டு படிகளாக நாம் எழுதுகிறோம். மைனஸ் பத்தைப் பொறுத்தவரை பிரிப்பதும் அறிவதும் ஒரே செயல். அடினின் வெளியே புரண்டால்தான் குழியில் அமர முடியும். குழியில் அமர்ந்தால்தான் பிரிந்த நிலை நிலைக்கும். தவறான எழுத்து புரண்டு வந்தால் குழி அதைத் தாங்காது. அது திரும்பிப் போய்த் தன் இணையுடன் சேர்ந்துகொள்ளும். இதற்கு ஏ.டி.பி. போன்ற வெளி ஆற்றல் எதுவும் தேவைப்படுவதில்லை. 25,000 போலி இடங்களில் மிகப் பல இந்தச் சோதனையில் தோற்றுவிடும் என்று கொள்ளலாம். எல்லாமே தோற்கும் என்று சொல்வதற்கில்லை. தேவையற்ற இடங்களில் படியெடுத்தல் தொடங்குவது பாக்டீரியாக்களில் உண்மையாகவே நடக்கிறது. ரோ என்னும் புரதம் அத்தகைய வீண் படிகளை இடையில் நிறுத்திவிடுகிறது.

நமக்கு நன்கு பழக்கமான லாக் ஓபரானை எடுத்துக்கொள்வோம். அதன் மைனஸ் பத்து வரிசை டி-ஏ-டி-ஜி-டி-டி. இரண்டு எழுத்துகள் பிழை. ஆனால் அவை நடுவில் உள்ளவை. குழிகளில் அமர வேண்டிய ஏ-யும் கடைசி டி-யும் பத்திரமாக உள்ளன. எனவே இது நலிந்த புரோமோட்டர். செத்த புரோமோட்டர் அன்று. குளுக்கோஸ் தீர்ந்து சுழல் ஏ.எம்.பி. பெருகும்போது கேப் என்ற புரதம் வந்து கைகொடுத்தால் நன்றாக வேலை செய்யும். யு.வி.-5 என்ற திடீர் மாற்ற வகையில் அந்த இரண்டு எழுத்துகளும் ஏ-ஏ ஆகிப் பொது வரிசை முழுமை பெற்றுவிட்டது. விளைவு, கேப் புரதத்தின் துணையின்றியே மரபணு முழுவீச்சில் இயங்குகிறது. ஆய்வுக்கூடத்தில் புரதம் மிகுதியாகத் தயாரிப்போருக்கு இது வரப்பிரசாதம். பாக்டீரியாவுக்கோ, குளுக்கோஸ் கண்முன் இருக்கும்போதும் லாக்டோசைச் செரிக்கும் நொதிகளைச் செய்துகொண்டிருப்பது வீண் செலவு. பிழை என்று நாம் கருதும் எழுத்துகள்தாம் அங்கே கட்டுப்பாட்டுக்கு இடம் தருகின்றன. மேலும், புரோமோட்டர் அளவுக்கு மீறிக் கச்சிதமாக இருந்தால் நொதி அதைவிட்டு நகர மறுத்து, சிறு சிறு ஆர்.என்.ஏ. துணுக்குகளை உதிர்த்துக்கொண்டு அங்கேயே நின்றுவிடுவதும் உண்டு. இறுகப் பிடிப்பவன் நடக்க முடியாது.

இதுவரை சொன்னவை முதன்மைச் சிக்மாவைப் பற்றியவை. ஈ. கோலையில் மொத்தம் ஏழு சிக்மாக்கள் உள்ளன. காசநோய்க் கிருமியில் பதின்மூன்று. மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் சீலிகலர் என்ற இனத்தில் அறுபதுக்கும் மேல். ஒரே மைய நொதியுடன் வேறு சிக்மா சேர்ந்தால் வேறு வரிசைகளைப் படிக்கும் வேறு முழு நொதி உருவாகிறது. ஈ. கோலையை 30 டிகிரியிலிருந்து 42 டிகிரி செல்சியசுக்கு மாற்றினால் சிக்மா-32 பெருகி, சிதைந்த புரதங்களைச் சீர்செய்யும் மரபணுக்களை இயக்குகிறது. அது தேடும் மைனஸ் பத்து வரிசை சி-சி-சி-சி-ஏ-டி என்று தொடங்குவது; சிக்மா-70க்கு அது பொருளற்ற எழுத்துக்கூட்டம். இயல்பான வெப்பத்தில் சிக்மா-32இன் அரை ஆயுள் ஒரு நிமிடமே. செய்வதும் உடனே சிதைப்பதுமாக இருப்பது வீண்போலத் தோன்றும். ஆனால் சிதைப்பதை நிறுத்தினாலே போதும், விரைவில் பெருகிவிடும் என்ற வசதி அதில் இருக்கிறது.

கசையிழை மரபணுக்களுக்குரிய சிக்மா-28இன் செய்தி இன்னும் வியப்பானது. கசையிழையின் அடித்தண்டும் கொக்கியும் கட்டி முடியும்வரை எஃப்.எல்.ஜி.எம். என்ற எதிர்ப்புரதம் இந்தச் சிக்மாவைப் பிடித்து வைத்திருக்கும். கொக்கி முடிந்ததும், அதன் உள்துளை வழியாக அந்த எதிர்ப்புரதமே செல்லுக்கு வெளியே தள்ளப்பட்டுவிடுகிறது. சிக்மா விடுபடுகிறது; இழையைக் கட்டுவதற்கான ஃபிளாஜெலின் புரதம் அதன் பின்னரே தயாராகத் தொடங்கும். சால்மொனெல்லாவில் 1993இல் இது காட்டப்பட்டது. கட்டடம் அடித்தளம் முடிந்ததைத் தானே அறிவிக்கிறது என்று சொன்னால் மிகையாகாது.

இவற்றிலிருந்து தனித்து நிற்பது சிக்மா-54. நைட்ரஜன் தட்டுப்பாட்டின்போது வேலை செய்யும் இது சிக்மா என்பது 1985இல் தெரியவந்தது. ஏனைய சிக்மாக்களுடன் இதற்கு உறவு கிடையாது. மைனஸ் பத்துக்கும் முப்பத்தைந்துக்கும் பதிலாக மைனஸ் பன்னிரண்டிலும் இருபத்துநான்கிலும் உள்ள ஜி-சி, ஜி-ஜி எழுத்துகளை இது நாடுகிறது. இடத்தைச் சரியாக அறிந்து இறுகப் பிணைந்துகொள்ளும். ஆனால் இழைகளைப் பிரிக்காது. தொலைவில் உள்ள வேறோர் இடத்தில் பிணைந்த ஊக்கிப் புரதம், டி.என்.ஏ. வளைந்து கொடுக்க நெருங்கிவந்து, ஏ.டி.பி.யைச் செலவழித்து அதன் அமைப்பை மாற்றினாலன்றி ஒரு எழுத்துகூடப் படியெடுக்கப்படாது. சிக்மா-70இல் ஒன்றாக இருந்த அறிதலும் பிரித்தலும் இங்கே இரண்டாகப் பிரிந்துவிட்டன. பயறு வகைச் செடிகளின் வேர்முடிச்சுகளில் வாழும் ரைசோபியங்களில் நைட்ரஜனை நிலைநிறுத்தும் நிஃப் மரபணுக்கள் இச்சிக்மாவின் கீழ் இருப்பவை. ஒரு நைட்ரஜன் மூலக்கூறை அம்மோனியாவாக்கப் பதினாறு ஏ.டி.பி. மூலக்கூறுகளாவது செலவாகும். அவ்வளவு விலை உயர்ந்த வேலைக்கு, சரியான எழுத்துகளைக் கண்டதும் தானே திறந்துகொள்ளும் சிக்மா பொருந்தாது. நொதி அமர்ந்து காத்திருக்க, நிஃப்-ஏ என்ற ஊக்கிப் புரதம் வந்து திறக்கிறது.